அந்தக் கை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை

மகளுக்கு 45-ஆம் நாள் தடுப்பூசி. ஆட்டோ மருத்துவமனை வாசலில் நின்றது, எனக்குக் காலைக் கீழே வைக்க முடியவில்லை. உள்ளே எங்கோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் கடகடத்தது. உள்ளங்கை வியர்த்து மூச்சு முட்டியது. வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாயெடுத்தாலே, "பிள்ளை நல்லா இருக்குல்லா, இன்னும் என்ன?" என்பார்கள். நன்றாகத்தான் இருந்தாள். அதனாலேயே மேற்கொண்டு பேச வாய் வராது. லேகியம், பத்தியச் சோறு, வேது தண்ணி என்று பச்சை உடம்பை எல்லோரும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ராத்திரி பால் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினால் அதே காட்சிதான் வரும். ஓடுகிற ஸ்ட்ரெச்சர், தலைக்கு மேல் விளக்குகள், எனக்குள்ளே ஒரு நர்ஸின் கை. நான் கத்தக் கத்த, தியேட்டர் வரை அவர் கையை எடுக்கவே இல்லை. பிறகு மயக்க மருந்து. விழித்தபோது வயிற்றில் தையல், பக்கத்தில் குழந்தை இல்லை.

ஊசி போட்ட அன்று ராத்திரி மதினி பக்கத்தில் வந்து படுத்தார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லு" என்றார். இரண்டு மணி வரை சொன்னேன். நடுவில் ஆறுதல்கூடச் சொல்லாமல் கேட்டார்.

மறுநாள் 14416-க்கு அவரே போன் போட்டுக் கொடுத்தார். டெலி மனஸ் என்கிற அரசின் இலவச மனநல உதவி எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவர்கள் சொன்னபடி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கிளம்பினோம். அத்தையின் முகம் மாறியது. "தையல்ல சீழ் புடிச்சா டாக்டர்ட்ட போவோம்லாம்மா?" என்றார் மதினி. அத்தை குழந்தைக்குத் துணி எடுத்து வைத்தார்.

அங்கே கடந்த 7 நாள் மனநிலை பற்றி 10 கேள்விகள் கொண்ட தாளைத் தந்தார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலாம். 30-க்கு 17 வந்தது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற கடைசிக் கேள்வியில் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைத்தான் எழுதினேன். மனச்சோர்வோடு, பிரசவ அதிர்ச்சி மனதில் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் பி.டி.எஸ்.டி.யும் இருக்கிறது என்றார் டாக்டர். குறைந்த அளவில் செர்ட்ரலின் மாத்திரை தந்தார். தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும், பால் கொடுக்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார். வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேச்சு.

சில வாரங்கள் கழித்து கேஸ் ஷீட் நகலை வாங்கி, வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அந்த அம்மா வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். 11.40-க்குப் பனிக்குடம் உடைந்து, தலைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. 11.58-க்குக் குழந்தை வெளியே. "தலை கொடியை நசுக்கினா பிள்ளைக்கு ரத்தம் போகாதும்மா. அதான் அந்த நர்ஸ் தலையை மேல தள்ளிப் புடிச்சிருக்காங்க. பிள்ளைய வெளிய எடுக்குற வரை கையை எடுக்கக் கூடாது."

"நான் ஒழுங்கா முக்காததாலதான் இப்படின்னு..."

"அந்த நேரத்துல முக்கவே கூடாது."

மகளைக் காப்பாற்றிய கையை எத்தனை ராத்திரி வெறுத்திருக்கிறேன்! ஓடும்போது விளக்க நேரமில்லை, சரி. அப்புறம் ஆறு நாள் வார்டில்தானே இருந்தேன்? கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

அதற்குப் பிறகும் கனவு வந்தது, ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஒன்பதாம் மாத ஊசிக்கு மகளை நானே தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் கால் தயங்கியது. மதினி முன்னால் போகவில்லை, என் கூடவே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனோம்.