நாட்காட்டி போகும் இடம்

8 செப்டம்பர் 2025, திங்கள்

எங்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையின் அஞ்சலும் நாட்காட்டியும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2019 என்ற சர்வர் மென்பொருளில் இருக்கின்றன. அதற்கு அக்டோபர் 14ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன. மறுநாளும் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் பிறகு வெளிப்படும் ஓட்டையை அடைக்க எவரும் வரமாட்டார்கள் என்பதை அப்பச்சியிடம் இன்று சொன்னேன். "பழைய கடிதமெல்லாம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்கள். இருக்கும். கடிதங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

9 செப்டம்பர்

நாட்காட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

12 செப்டம்பர்

அஞ்சலை மாற்றுவது எளிது என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். அஞ்சல் பெட்டியைத் திறந்து படிப்பதற்கான ஐமேப் என்னும் பொது நெறிமுறை ஏறக்குறைய எல்லாச் சர்வர்களுக்கும் தெரியும். ஒரு பெட்டியில் உள்ளதை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்க ஐமேப்சிங்க் போன்ற கருவிகள் உண்டு. நாட்காட்டி அப்படிப்பட்டதன்று. எந்தப் பூ வடிவக் கல் என்றைக்கு அச்சிலிருந்து எடுக்கப்பட்டது, என்றைக்குத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கப்பட்டது, எப்போது வெளியே எடுத்துக் காயவைக்கலாம், தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் எப்போது புறப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவற்றை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்ற உரிமைகளும் அதில்தான் இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சிமென்ட் தண்ணீரில் இறுகுவதற்குரிய காலத்தை எவராலும் குறைக்க முடியாது. ஒரு தேதி நழுவினால் அந்தத் தொட்டியே பாழ்.

16 செப்டம்பர்

ஜூலையில் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் சந்தாப் பதிப்பைப் பார்த்தேன். எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு அது தேவைக்கு மீறிய சுமை.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் பேசினார்கள். ஜோஹோவின் இணைய அஞ்சல் சேவைக்கே போய்விடலாம் என்பது அவர்களுடைய விருப்பம்: நம் நாட்டு நிறுவனம், தரவு மையங்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன, பராமரிப்பு வேலை நமக்கு இல்லை. மூன்றும் சரியான காரணங்கள். ஐந்து பேர் வரையிலான இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது; ஆகவே கட்டணத் திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். அதில் நாட்காட்டிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையான காலண்டர்டேவ் உண்டு என்பதால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

19 செப்டம்பர்

சோகோ என்ற திறமூல மென்பொருளைப் பற்றி இரவு முழுவதும் படித்தேன். அஞ்சல், நாட்காட்டி, முகவரிப் புத்தகம் மூன்றும் இதில் இருக்கின்றன. காலண்டர்டேவும், கைப்பேசியோடு அஞ்சலையும் நாட்காட்டியையும் ஒத்திசைக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்சிங்க்கும் இதற்குத் தெரியும். மெயில்கௌ என்ற அஞ்சல் சர்வர் தொகுப்பில் இது சேர்ந்தே வருகிறது. அதற்குக் குறைந்தது 6 ஜிபி நினைவகம் வேண்டும் என்பதால் மூலையில் கிடக்கும் பழைய கணினி பயன்படாது.

காலண்டர்டேவ் 2007 முதல் பொதுத் தரமாக இருக்கிறது. நாளைக்கு சோகோவே வேண்டாம் என்று தோன்றினாலும் நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். எனக்கு வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

23 செப்டம்பர்

சர்வரை இங்கேயே வைக்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் வரும் அஞ்சல் தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர்கள் வழக்கமாகச் சில நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயலும். ஆனால் அலுவலக இணைப்பில் ஐபி முகவரி நிலையாக இல்லை, சர்வர்கள் அஞ்சல் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டும் அடைக்கப்பட்டிருக்கிறது, அந்த முகவரி யாருடையது என்று கேட்டால் நம் பெயரைத் திருப்பிச் சொல்லும் பதிவையும் நம்மால் வைக்க முடியாது. வாடகைச் சர்வர்தான் வழி. அஞ்சல் உண்மையில் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் ஒழுங்காக எழுதிவைக்காமல் ஒரு விலைப்புள்ளிகூட அனுப்பக்கூடாது. வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும் விலைப்புள்ளி அனுப்பாததற்குச் சமம்.

1 அக்டோபர், ஆயுத பூஜை

பழைய சர்வருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அப்பச்சி எதுவும் கேட்கவில்லை.

4 அக்டோபர்

சோதனைச் சர்வரில் முழு நாள் பதிவு ஒன்றைப் போட்டேன்: "தொட்டியிலிருந்து எடுக்க." பழைய முறையில், நாங்கள் அஞ்சலும் நாட்காட்டியும் பார்க்கும் அவுட்லுக் மென்பொருள் ஒரு முழு நாளை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று எழுதிவைப்பதால், இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும் சிங்கப்பூரில் அதே பதிவு மறுநாளுக்குள்ளும் வழிந்து நிற்கும். அண்ணன் தேதியைக் கேட்கும் போதெல்லாம் இதனால்தான் இரண்டு பதில்கள் இருந்தன. காலண்டர்டேவ் பயன்படுத்தும் ஐகாலண்டர் வடிவத்தில் முழு நாள் என்பது வெறும் தேதி; அதற்கு நேர மண்டலமே கிடையாது. அண்ணனுடைய ஐபோனில் அந்தப் பதிவு ஒரே நாளில் நின்றது. அவர்களும் அதைப் பார்த்து, "இதையே வைத்துக்கொள்வோம்" என்றார்கள். எவ்வளவு பெரிய நிம்மதி!

7 அக்டோபர்

அவுட்லுக்குக்குத் தானாகக் காலண்டர்டேவ் தெரியாது. ஆனால் கணக்குப் பார்ப்பவர் அவுட்லுக்கை விடமாட்டார். துணைச் செருகி ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். மற்றவர்களுக்கு தண்டர்பேர்டு என்ற இலவச அஞ்சல் மென்பொருள் போதும். ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் பட்டறைத் தம்பிகளுக்கு ஆக்டிவ்சிங்க்.

10 அக்டோபர், வெள்ளி

நம் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன். கடிதங்கள் நகலாகிக்கொண்டிருக்கின்றன. நாட்காட்டிகளில் திரும்பத் திரும்ப வரும் பதிவுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்; நடுவில் ஒரு நாளை மட்டும் மாற்றி வைத்திருக்கும் பதிவுகளைத்தான் நம்ப முடியவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு முந்தைய கன்டெய்னரின் பதிவு புதிய நாட்காட்டியில் இருக்கிறது. அதைத் திருத்தும் உரிமை மட்டும் பட்டறைக்கு இன்னும் வரவில்லை. இரவு மறுபடியும் பார்க்க வேண்டும்.