ஆட்டம் நின்ற இருக்கைப் பை

சைக்கிள் இருக்கைக்குப் பின்னால் சரக்கு ஏற்றிக் கட்டும் இருக்கைப் பை ஒருவழியாக ஆடாமல் வந்தது. மாலையில் மண்சாலையில் கிளம்பி, காட்டில் இரவு தங்கி, மறுநாள் வேர்கள் குறுக்கிடும் ஒற்றையடிப் பாதையில் இறங்கும்வரை சைக்கிளின் பின்பக்கம் அசையவே இல்லை. இதற்குப் பட்ட பாட்டுக்கு இவ்வளவு மகிழ்ச்சி தகும்.

எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் இந்த ஆட்டம் உயிரை வாங்கும். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்த பிறகே பையின் கனம் அந்தப் பக்கம் வரும். மணல் பரவிய ஏற்றத்தில் அது பின்சக்கரத்தின் பிடியையே கெடுத்துவிடும். பட்டைகளை இழுத்துக் கட்டினால் போதும் என்பார்கள். போதாது. பைக்குள் வெற்றிடம் இருக்கும்வரை எந்தப் பட்டையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

பையின் மூக்கு, அதாவது இருக்கைக்கு அடியில் செருகும் முன்முனை, கூம்பு வடிவம். ஸ்லீப்பிங் பேக்கை அதற்குரிய உறையோடு உருளையாக வைத்தால் மூக்குப் பகுதி காலியாகவே கிடக்கும். உறையைத் தூக்கி எறியுங்கள். முதலில் கூடாரத் துணியை மூக்கின் கடைசிவரை முஷ்டியால் குத்தி இறக்க வேண்டும். கனமும் கெட்டியுமான சரக்கு, இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டை ஒட்டியே இருக்க வேண்டும். அதன் மேல் ஸ்லீப்பிங் பேக்கை மடிக்காமல் பிடி பிடியாகத் திணிக்க வேண்டும். இறகு ஜாக்கெட் போன்ற லேசானவை வால்பக்கம். பிறகு பையின் மீது முழங்காலை ஊன்றி, காற்று முழுவதும் வெளியேறிய பின் வாயை மூன்று சுற்றாவது சுருட்டி மூட வேண்டும். தட்டினால் மரக்கட்டை போல ஒலிக்க வேண்டும்.

கட்டும்போது பையைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, இருக்கைக் கம்பிகளின் பட்டைகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுக்கிறேன். சீட் போஸ்ட் பட்டை கடைசியில்தான். கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டியதும் சரக்கு அமுங்கியிருக்கும். அப்போது இறங்கி மறுபடி இறுக்குவதைத் தவிர்க்கவே கூடாது. நைலான் பட்டை நனைந்தால் நீளும். ஆகவே பனி, மழைக் காலங்களில் சீட் போஸ்டைச் சுற்றிக் கூடுதலாக ஒரு பாலியூரித்தேன் பட்டை போடுகிறேன். கார்பன் சீட் போஸ்ட் வைத்திருப்பவர்கள் பட்டை படும் இடத்தில் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிடுங்கள். இடையில் சேரும் புழுதி போஸ்டை அராவிவிடும்.

விற்பவர்கள்மீது எனக்கு ஒரு மனக்குறை. எத்தனை லிட்டர் என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்; அடிப்பாகத்தில் விறைப்பான தகடு இருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. தகடில்லாத பெரிய பையைவிடத் தகடுள்ள சிறிய பையே மேல் என்பது என் தீர்ப்பு.

அடுத்த ஆசை, சக்கரம் சுழலும்போது மின்சாரம் தரும் சக்கரக் குடமான டைனமோ ஹப். வழக்கமானவை 6 வோல்ட், 3 வாட் தருபவை. மண்சாலையில் வேகம் பிடித்தால் போன் சார்ஜ் ஏறும், காட்டுப் பாதையில் ஊர்ந்து போகும்போது ஏறாது. எனவே பவர் பேங்க்கை விட முடியாது. இரண்டையும் சுமப்பது தகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் மூன்று திருகுத் துளை உள்ளதால் தண்ணீர்ப் புட்டிகளை அங்கே மாற்றும் திட்டமும் உண்டு.

ஹேண்டில்பார் சுருள்பை மட்டும் இன்னும் அடங்கவில்லை. பிரேக் கேபிளை அழுத்துகிறது, இறக்கத்தில் முன்டயரை நோக்கிச் சரிகிறது. ஹேண்டில்பாருக்கும் பைக்கும் நடுவே நுரைக்கட்டைகள் வைத்துப் பார்க்கப் போகிறேன்.