மார்கழில ஓடின கிளாக் சித்திரைல ஓடல

குன்னூர்ல வேலை பாக்குற சித்தப்பா பையன் போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரைசன் 5 5600 ப்ராசஸரும் ஒரு பி450 மதர்போர்டும் வாங்கியிருக்கான். என்கிட்ட இப்ப இருக்கிறதும் அதே சிப்புதான். உடனே வாட்ஸ்அப்ல மெசேஜ், "அண்ணா உங்க பயோஸ் செட்டிங்ஸ அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, நானும் அதையே போட்டுக்கறேன்"னு. பயோஸ்ங்கிறது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டுல வர்ற செட்டிங்ஸ் பக்கம், ப்ராசஸரோட வேகத்தையும் (அதான் கிளாக்) வோல்டேஜையும் அங்க மாத்தலாம், கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஏத்தினா அதுக்கு பேர் ஓவர்கிளாக். நான் அனுப்பல. ஏன் அனுப்பலன்னு வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பிச்சா ஏழு நிமிஷம் தாண்டியும் பாதி கதை கூட வரல, சரி எழுதியே போட்டுடுவோம்னுதான் இது.

எனக்கு ஊர் வேலூர். வெயிலூர்னு சும்மா பேர் வைக்கல. என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ, மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்க தொட்டா சுடும், ஃபேன் போட்டா அந்த சூட்டை எடுத்து நம்ம தலைல கொட்டும். இந்த கதைல ப்ராசஸரை விட அந்த ரூமுக்குத்தான் பெரிய பார்ட்டு.

முதல்ல ஓவர்கிளாக்ல கை வச்சது 2008ல, காலேஜ் படிக்கும்போது. பென்டியம் டூயல் கோர் இ2180, 2 கிகாஹெர்ட்ஸ். அப்ப கணக்கு ரொம்ப சிம்பிள், 200 மெகாஹெர்ட்ஸ் பஸ் (போர்டும் சிப்பும் பேசிக்கிற லைனோட வேகம்), அதை பத்தால பெருக்கு, அந்த பத்துதான் மல்டிப்ளையர். மல்டிப்ளையரை மேல ஏத்த முடியாது ஆனா பஸ்ஸை ஏத்தலாம், 266 போட்டா 2.66 கிகாஹெர்ட்ஸ். கூட வந்த சின்ன கூலரை வச்சே ஓடுச்சு, வோல்டேஜ தொடக்கூட இல்ல. ஹாஸ்டல்ல ஒரு சீனியர் இருந்தாரு, அவரு செலரான் 300ஏ கதைய சாமி கதை மாதிரி சொல்லுவாரு. 1998ல வந்த சிப்பு, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுல 300ல ஓடணும், பஸ்ஸை 100க்கு மாத்தினா 450. அதுல 128 கேபி கேஷ் (அடிக்கடி தேவைப்படுறத வச்சுக்கிற குட்டி மெமரி) சிப்புக்குள்ளயே முழு வேகத்துல ஓடுச்சு, அதனால பல மடங்கு விலை கொடுத்து வாங்கின பென்டியம் 2 450க்கு பக்கத்துல போய் நின்னுச்சு. இதெல்லாம் ஏன் நடந்துச்சுன்னா, எல்லா சிப்பும் ஒரே மாதிரி தட்டுலதான் அச்சாகுது, டெஸ்ட் பண்ணி தரம் பிரிச்சு பேர் ஒட்டுறாங்க, ஆனா கடைல விக்கிறது என்னமோ விலை கம்மியான சிப்புதான் அதிகம், அதனால நல்லா ஓடக்கூடிய சிப்பு மேலயும் சின்ன நம்பர் ஒட்டி அனுப்பிடுவாங்க. அந்த ஒளிஞ்சிருக்கிற வேகத்தை நாம சுரண்டி எடுத்தோம், அவ்ளோதான்.

இப்ப அந்த மிச்சம் கிட்டத்தட்ட கிடையாது. டர்போ, பூஸ்டுன்னு பேர் வச்சு கம்பெனிக்காரனே அதை எடுத்து வித்துடறான். அதோட இன்டெல்ல 2011ல சாண்டி பிரிட்ஜ் வந்தப்புறம் பஸ்ஸை ஏத்துற வழியையும் அடைச்சுட்டாங்க, 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்லயே மத்த எல்லாமும் தொங்கிட்டு இருக்கும், நாலஞ்சு மெகாஹெர்ட்ஸ் ஏத்தினாலே ஆட்டம் காணும். மல்டிப்ளையரை ஏத்தணும்னா பேர்ல கே போட்ட சிப்பும் அதுக்கு ஏத்த போர்டும் வேணும்.

அதனாலதான் 2018 கடைசில ரைசன் 5 1600 வாங்கினேன். அப்ப ரைசன்ல எல்லா சிப்புமே திறந்த வீடு, பி350 போர்டு இருந்தா போதும், ஏ320ல மட்டும் முடியாது. ஆறு கோரும் சேர்ந்து ஓடும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ். கூட வந்த ரெய்த் ஸ்பையர் கூலரை எடுத்துட்டு 120 மிமீ ஃபேன் வச்ச ஒரு டவர் கூலரை மாட்டினேன். அது டிசம்பர் மாசம், மார்கழி, காலைல ரூமுக்குள்ள 23 டிகிரிதான் இருக்கும், ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்து பயோஸ்ல விளையாடினேன்.

முறைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. மல்டிப்ளையரை கால் கால் பாயின்டா ஏத்து, விண்டோஸ் வருதா பாரு, சினிபெஞ்ச் (ப்ராசஸர் வேகத்துக்கு மார்க் போடுற டெஸ்ட்) ஒரு ரவுண்டு விடு, தாண்டிட்டா இன்னும் ஏத்து, தொங்கிட்டா வோல்டேஜ ஒரு சிட்டிகை கூட்டு. ஆன் பண்ணதும் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரலன்னா கரன்ட்ட புடுங்கிட்டு போர்டுல இருக்கிற அந்த வட்ட பேட்டரிய கழட்டி ரெண்டு நிமிஷம் கழிச்சு மாட்டு, செட்டிங்ஸ் பழையபடி ஆயிடும். அந்த ஒரு வாரத்துல அந்த பேட்டரிய எத்தனை தடவை கழட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல, அம்மா பாத்துட்டு "புதுசா வாங்கினதை ஏன்டா டெய்லி பிரிச்சு போடற"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. 3.8 கிகாஹெர்ட்ஸ் 1.375 வோல்ட்ல நின்னுச்சு. 3.9க்கு 1.42 கேட்டுச்சு. அப்ப எல்லாரும் 1.35, கூடிப்போனா 1.4தான் தினசரிக்கு நல்லதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அதனால 3.8ல நிறுத்திட்டேன். வேற ஒருத்தரோட 1600 அதே வோல்ட்ல 4.0 போகும், சிப்பு குலுக்கல் சீட்டு மாதிரி, நமக்கு விழுந்தது இதுதான். ராத்திரி பூரா ப்ரைம்95ஐ (ப்ராசஸரை முழு லோடுல வாட்டி எடுக்குற டெஸ்ட்) ஓட விட்டு காலைல பாத்தா ஒரு எரர் இல்ல, டெம்பரேச்சர் 75. ஏதோ பெரிய எக்ஸாம் பாஸ் பண்ண மாதிரி இருந்துச்சு.

இதுக்கு என்ன கிடைச்சுதுன்னு உண்மைய சொல்லிடறேன். சினிபெஞ்ச் ஆர்15ல 1130 சுமாருக்கு இருந்தது 1260 ஆச்சு. ஒரு மணி நேரம் ஓடுற வீடியோ என்கோடிங் 54 நிமிஷத்துல முடிஞ்சுது. கேம்ல? ஒண்ணும் இல்ல. என்கிட்ட இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அந்த கிராஃபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு, ப்ராசஸர் சும்மா வேடிக்கை பாத்துட்டு இருந்துச்சு. ஆறு நிமிஷம் மிச்சம், ஒரு டீ குடிக்கிற நேரம், ஆனா அந்த செட்டிங்ஸ கண்டுபிடிக்க நான் போட்டது ஒரு முழு வாரம்.

அப்புறம் அதுக்கு கொடுத்த விலை. சிப்பு இழுக்குற பவர் வேகத்தோட நேரா ஏறும், வோல்டேஜோட வர்க்கத்துல ஏறும். என் போர்டுல பழைய செட்டிங்ல 1.2 வோல்ட், புதுசுல 1.375. 1.375ஐ 1.2ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.31 வரும், அதை வேகம் கூடின 1.12ஆல பெருக்கினா 1.47. அதாவது 12 சதவீதம் வேகத்துக்கு 47 சதவீதம் கூட சூடு. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈபி கார்டுல எழுதிட்டு போகும்போது எங்கப்பா 500 யூனிட் தாண்டிச்சான்னு மட்டும்தான் பாப்பாரு, தாண்டினா ஸ்லாப் மாறிடும்ல, அந்த வருஷம் அவரோட பார்வை என் ரூம் பக்கம் திரும்ப ஆரம்பிச்சுது.

சரி, டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, எல்லாம் ராஜா மாதிரி ஓடுச்சு. நடுவுல ஒரு கோளாறு, அது என் முட்டாள்தனம். ராம் 3200னு எழுதியிருந்துச்சு, எக்ஸ்எம்பிய (ராமை அந்த வேகத்துல ஓட விடுற செட்டிங்) ஆன் பண்ணேன், பூட் ஆச்சு, கேம் ஓடுச்சு, சந்தோஷம். தை மாசம் ஒரு கல்யாணம், அங்க எடுத்த ஃபோட்டோவெல்லாம் ஒரே ஜிப் ஃபைலா போட்டு வச்சேன், ஒரு வாரம் கழிச்சு பிரிச்சா சிஆர்சி எரர், அதாவது ஃபைல் கெட்டுப்போயிருக்கு. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு நினைச்சு சாட்டா கேபிள மாத்தினேன், டிஸ்க்க செக் பண்ணேன், சுத்தமா இருக்கு. திரும்ப ஜிப் பண்ணி பிரிச்சா வேற ஏதோ ஒரு ஃபோட்டோல எரர். அப்பதான் மண்டைல உறைச்சுது, ராமை செக் பண்ற மெம்டெஸ்ட் போட்டா மூணாவது மணி நேரத்துல சிவப்பு சிவப்பா வருது. முதல் தலைமுறை ரைசனுக்கும் வேகமான ராமுக்கும் பல போர்டுல ஒத்துப்போகாது, 2933க்கு இறக்கினதும் சரியாச்சு. ப்ளூ ஸ்க்ரீன் வந்தா பயப்படாதீங்க, அது உங்ககிட்ட நேரா சொல்லிட்டு சாகுது, இந்த மாதிரி வாயே திறக்காம ஃபைல தப்பா எழுதி வைக்கிறதுதான் டேஞ்சர். கேமரா கார்டுல ஒரிஜினல் அழிக்காம இருந்துச்சு, இல்லன்னா கல்யாண வீட்டுல என்ன பதில் சொல்லியிருப்பேன்னு தெரியல.

ஏப்ரல் வந்துச்சு. சித்திரை பொறந்து ஒரு வாரம் இருக்கும், மத்தியானம் ஒரு வீடியோ என்கோட் போட்டுட்டு சாப்பிட போனேன், வந்து பாத்தா மிஷின் ஆஃப். கரன்ட் போச்சோன்னு பாத்தா ஃபேன் ஓடுது. திரும்ப போட்டேன், இருபது நிமிஷத்துல திரும்ப ஆஃப். ரூம்ல அப்ப 38 டிகிரி. மார்கழில 23ல 75 வந்த சிப்பு இப்ப 15 டிகிரி மேல ஆரம்பிக்குது, கணக்குப்படி 90, அது போதாதுன்னு சூடு ஏற ஏற சிப்புக்குள்ள கசியிற கரன்ட்டும் ஏறும், அதனால அந்த 90ங்கிறது 91, 92ன்னு நகரும். ஆனா லிமிட் 95, இன்னும் தொடல. அப்ப ஏன் ஆஃப் ஆகுது?

ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன். பவர் சப்ளையா, யுபிஎஸ்ஸா, மத்தியானம் ஏசியெல்லாம் ஓடி வோல்டேஜ் டல்லடிக்குதான்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டாச்சு. கடைசில சைடு கதவ கழட்டிட்டு, ஓடும்போதே ப்ராசஸர் பக்கத்துல இருக்கிற அந்த குட்டி குட்டி கருப்பு சிப்பு வரிசை மேல விரல வச்சேன், தோசைக்கல்லுல கை வச்ச மாதிரி, கொப்புளம் வரல அவ்ளோதான் (நீங்க பண்ணாதீங்க, நான் பண்ணதே தப்பு). அதுதான் விஆர்எம். பவர் சப்ளைல இருந்து வர்ற 12 வோல்ட்ட 1.3 சொச்சமா இறக்கி சிப்புக்கு குடுக்குற இடம். வோல்ட் கம்மின்னா கரன்ட் அதிகம், 120 வாட்ட 1.35ஆல வகுத்து பாருங்க, கிட்டத்தட்ட 90 ஆம்பியர். வீட்டுக்குள்ள வர்ற மெயின் லைன்ல கூட அவ்ளோ ஓடாது. என் போர்டு விலை கம்மியான போர்டு, அந்த இடத்துல ஒரு ஹீட்சிங்க் கூட கிடையாது. பழைய கூலர் கீழ பாத்து காத்து ஊதும்போது அக்கம்பக்கம் இருக்கிற இதுங்களுக்கும் கொஞ்சம் காத்து கிடைச்சுட்டு இருந்துச்சு, நான் டவர் கூலர் மாட்டினதும் காத்து பின்பக்கமா போக ஆரம்பிச்சுது, இதுங்க தனியா வெந்துட்டு இருந்துச்சு. ப்ராசஸரை காப்பாத்தறேன்னு வாங்கினது பக்கத்து வீட்டுக்காரன கொன்னுடுச்சு. டேபிள் ஃபேன எடுத்து கேபினட் பக்கம் திருப்பி வச்சேன், முழு என்கோடிங்கும் ஓடி முடிஞ்சுது.

யூடியூப்ல பாக்குற நம்பரெல்லாம் யாரோ ஏசி ரூம்ல, 20 டிகிரில, திறந்த டேபிள்ல போர்டை வச்சு எடுத்தது. 2022ல இன்டெல் ஐ9 13900கே ப்ராசஸரை 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வச்சாங்க, திரவ ஹீலியம் ஊத்தி. அவங்க ரூமும் என் ரூமும் ஒண்ணா?

அந்த வருஷம் அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பயோஸ்ல ரெண்டு ப்ரொஃபைல் சேவ் பண்ணேன். ஒண்ணுக்கு மார்கழின்னு பேர், 3.8 கிகாஹெர்ட்ஸ் 1.375. இன்னொண்ணு சித்திரை, 3.6 கிகாஹெர்ட்ஸ் 1.2 வோல்ட். சித்திரைய போட்டதும் டெம்பரேச்சர் பன்னெண்டு டிகிரி இறங்கிடுச்சு, என்கோடிங்ல போனது மூணு நிமிஷம்தான். காமெடி என்னன்னா அடுத்த மார்கழி வந்தும் நான் ப்ரொஃபைல மாத்தல, சத்தம் கம்மியா இருக்கிறது பழகிப்போச்சு.

இப்ப இருக்கிற 5600ல கதை தலைகீழ். இதுல நாம கிளாக்க ஏத்த வேண்டாம், சூடும் பவரும் இடம் குடுத்தா அதுவே ஏறிக்கும், நாம பண்ண வேண்டியது வோல்டேஜ குறைச்சு அதுக்கு இடம் விடுறது. கர்வ் ஆப்டிமைசர்னு ஒரு செட்டிங், மைனஸ்ல ஒரு நம்பர் போடணும், ஒரு எண்ணுக்கு சுமார் 3லேர்ந்து 5 மில்லிவோல்ட் குறையும். எனக்கு அஞ்சு கோர் மைனஸ் 20 தாங்குது, ஒரே ஒரு கோர் மைனஸ் 8க்கு கீழ இறங்க அடம் பிடிக்குது. இதுல ஒரு விஷமம் இருக்கு, லோடு குடுத்தா சாகாது, ப்ரைம்95 ராத்திரி பூரா ஓடும், நீங்க நோட்பேட திறந்து வச்சுட்டு சும்மா உக்காந்திருக்கும்போது டப்புன்னு ரீஸ்டார்ட் ஆகும். ஏன்னா வேலை கம்மியா இருக்கும்போதுதான் ஒத்தை கோர் உச்ச வேகத்துக்கு தாவும், அங்கதான் வோல்டேஜ் பத்தாம போகும். கோர்சைக்ளர்னு ஒரு ஸ்க்ரிப்ட் ஒவ்வொரு கோரா டெஸ்ட் பண்ணும், அதை விட்டு பாத்துதான் அந்த அடம் பிடிக்கிற கோரை கண்டுபிடிச்சேன்.

இன்னொண்ணு, வோல்டேஜ ஆட்டோன்னு விட்டா போர்டு பாத்துக்கும்னு நம்பாதீங்க. இன்டெல் 13, 14வது தலைமுறைல சிப்பு தேவைக்கு மேல வோல்டேஜ கேட்டு வாங்கி தன்னைத்தானே கெடுத்துக்கிட்ட கதை 2024ல ஊருக்கே தெரிஞ்சுது, மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற கோடு) அப்டேட் விட்டு வாரன்டியும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. சிப்பு கெட்டவங்கள்ல பல பேர் ஓவர்கிளாக் பக்கமே போகாதவங்க.

தம்பிக்கு இதெல்லாம் சொல்லிட்டு என் நம்பர மட்டும் குடுக்கல, மைனஸ் 5ல ஆரம்பிச்சு நீயே ஒவ்வொண்ணா இறங்குன்னு சொன்னேன். மூணு நாள் கழிச்சு போன் பண்றான், "அண்ணா எனக்கு எல்லா கோரும் மைனஸ் 25, ஃபுல் லோடுல 58 டிகிரிதான்"னு. 58ஆ! ரூம்ல எவ்ளோடான்னு கேட்டேன், 17ஆம். மே மாசம் லீவுக்கு வேலூர் வரும்போது சிபியூவையும் பஸ்ல தூக்கிட்டு வரப்போறானாம், ரெண்டு மிஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணுமாம். வாடா வான்னு சொல்லிட்டு டேபிள் ஃபேன தொடச்சு வச்சிருக்கேன்.