வைக்கோல் மேலே, தக்கைப்பூண்டு உள்ளே: உப்பு மண்ணில் ஓராண்டு

வடசென்னை மணலி புதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடத்தில் மூன்று ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறத் தொடங்கியே பல பத்தாண்டுகள் ஆகின்றன. பங்குனி பிறந்துவிட்டால், ஈரம் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த உப்பு மட்டும் பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆகவே வெயில் ஏறுமுன் மண்ணை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று கடந்த தை மாதத்தில் முடிவு செய்தேன்.

முதலில் செங்குன்றத்து அரிசி ஆலையிலிருந்து இரண்டு மூட்டை உமி வாங்கிப் பரப்பினேன். கடற்காற்றில் பாதி பறந்துவிட்டது. அதன் பிறகு, பொன்னேரிப் பக்கம் சம்பா அறுவடை முடிந்ததும், எட்டுக் கட்டு வைக்கோல் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது.

நான்கு பாத்திகளில் இரண்டில் வைக்கோலை நறுக்கி மண்ணோடு கொத்திக் கலந்தேன். மற்ற இரண்டில் நான்கு விரற்கடை உயரத்துக்கு மேலே பரப்பினேன். நான்கிலும் ஒரே நாளில் வெண்டை ஊன்றினேன். மூன்றாவது வாரத்தில், கலந்த பாத்திகளின் செடிகள் அடியிலையிலிருந்து மஞ்சளாகத் தொடங்கின. வைக்கோலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் (கார்பன்) ஏறக்குறைய 80 பங்கு இருக்கும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், வேருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தும், நறுக்கிப் போட்டால் விரைவில் மட்கிவிடும் என்று நம்பியது பெரும் பிழை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து இரண்டு முறை ஊற்றிய பின்னரே துளிர்கள் பச்சையாக வந்தன.

மேலே பரப்பிய பாத்திகளில் வைக்கோலின் அடிப்பகுதி மட்டுமே மண்ணைத் தொட்டதால் இந்தத் தொல்லை இல்லை. உதிர்ந்திருந்த நெல் ஆங்காங்கே முளைத்தது. அதைக் கையால் பிடுங்கினால் போதும். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். வெறும் தரையில் கால் வைக்க முடியாத அந்த நேரத்தில் உள்ளே மண் குளிர்ந்திருந்தது, பிடித்தால் உருண்டையாக நின்றது, உப்புப் பூத்த தடமே இல்லை. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

வெண்டை ஓய்ந்ததும் ஆனியில் தக்கைப்பூண்டு விதைத்தேன். உப்பையும் நீர்த் தேக்கத்தையும் ஒருசேரத் தாங்கும் பசுந்தாள் பயிர், அதாவது பச்சையாகவே மண்ணில் புதைத்து உரமாக்கும் பயிர் என்பதால் எங்கள் மண்ணுக்கு இதுவே பொருத்தம். ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் 300 கிராம் விதையை இரவு முழுவதும் ஊறவைத்துத் தூவினேன். முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் கடுகும் மிளகுமாக ஒட்டியிருந்த முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலிருக்கும் தழைச்சத்தை அந்த முடிச்சு பிடித்து வைக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. இன்னும் சில வாரம் வளரட்டும் என்றுதான் இருந்தேன். பழவேற்காட்டுப் பக்கம் வயல் வேலை செய்து பழகிய எதிர்வீட்டு ஆயா, "பூ வந்துச்சுன்னா தண்டு கட்டையாயிடும் தம்பி, இப்பவே மடக்கிப் போட்டுடு" என்றார். அவர் சொற்படி நாற்பத்தைந்தாம் நாள், மொட்டு தெரிந்தவுடன், வெட்டி மண்ணுக்குள் புதைத்தேன். முன்பு கடப்பாரை கேட்ட தரையில் மண்வெட்டி எளிதாக இறங்கியது. பதினைந்து நாள் மட்கவிட்டு ஆவணியில் கத்தரி நாற்று நட்டேன்.

கொய்யா மரத்தடியில் காராமணியை உயிர் மூடாக்காக, அதாவது வைக்கோலுக்குப் பதில் மண்ணை மூடும் உயிருள்ள பயிராக, விட்டிருக்கிறேன். கொடி மரத்தில் ஏறாமல் வாரம் ஒருமுறை கிள்ளிவிட வேண்டியிருக்கிறது. கொய்யாவின் அடிமரத்தை ஒட்டிப் போட்டிருந்த வைக்கோலில் பூஞ்சணம் பிடித்ததால், அதை ஒரு சாண் தள்ளி, உறிஞ்சு வேர்கள் பரவியிருக்கும் கிளை விளிம்பு வரை இழுத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் மூடாக்குக்குள் நத்தைகள் சேர்ந்ததால் கத்தரிப் பாத்தியில் பாதி வைக்கோலை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். கத்தரி காய்க்கத் தொடங்கிவிட்டது. இலைகளில் மஞ்சள் இல்லை. அடுத்த அறுவடைக்குப் பன்னிரண்டு கட்டு வேண்டும் என்று பொன்னேரிக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.