மூக்கடைப்பும் தைலப் புட்டியும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டு, தொண்டை வறண்டு விழித்துக்கொள்வேன். அப்போது கை தேடுவது, ஊட்டிக்குப் போய்வரும் உறவினர்கள் மறவாமல் வாங்கிவரும் யூகலிப்டஸ் தைலத்தைத்தான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்து, விறகுத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்ட தைல மரத்தின் இலைகளை நீராவியில் வடித்து இதை எடுக்கிறார்கள். இதில் பெரும்பகுதியாக உள்ள சினியோல், மூக்கினுள் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால், உள்வீக்கம் அப்படியே இருக்கும்போதும் காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றுகிறது. சளியை இது குணப்படுத்துவதில்லை என்று அறிந்தும், உறக்கம் வருகிறதே என்பதற்காக நான் இதைக் கைவிடவில்லை.

வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத மேசைமேல் வைத்து, கொதி அடங்கியபின் 2 அல்லது 3 சொட்டு விட்டு, கண்களை மூடிக்கொண்டு 5 நிமிடம் ஆவி பிடிப்பேன். சொட்டு கூடினால் கண் எரியும், இருமல் வரும், பலன் கூடாது. சோம்பலான நாள்களில் கைக்குட்டையில் 2 சொட்டு விட்டுத் தலையணையருகே வைப்பதோடு சரி.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கைக்குழந்தையின் மூக்கடியில் தைலம் தடவும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அது மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். சிறு பிள்ளைகள் சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம் என்பதால், புட்டி இப்போது மேல்தட்டில், பூட்டுக்குள் இருக்கிறது.