எட்டா, பதினொன்றா?

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் என் மாமா என்னை அறிமுகப்படுத்தும் விதமே தனி. "மாப்பிள்ளை சயின்டிஸ்ட். கவர்மெண்டுக்கே ஆலோசனை சொல்றவர்" என்பார். கேட்பவர்கள் உடனே அப்துல் கலாமை நினைத்துக்கொள்வார்கள். அவர் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர், அப்புறம் 1999-ல் மத்திய அரசின் முதல் முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆனவர். நான் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுக்குள் டேப் விட்டு நீர்மட்டம் அளந்தவன். என் ஆலோசனை பெரும்பாலும் கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் போனதில்லை.

அங்கேயும் அது அப்படியே போய்ச் சேராது. இரண்டு மாதம் அலைந்து நாற்பது பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனால், பி.ஏ. வாங்கிப் புரட்டிவிட்டு, "ஒரு பக்கத்துல ஒரு நோட் கொடுத்துடுங்க சார்" என்பார். அந்த ஒரு பக்கத்திலும் படிக்கப்படுவது கடைசி வரிதான். நான் 'கருதப்படுகிறது', 'வாய்ப்புள்ளது' என்று எழுதிப் பழகியவன். அவர்களுக்கு வேண்டியது ஆமாவா இல்லையா என்பது. இவர்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டேன். ஒரு அடிபம்பைப் பாதி மூடி வைக்க முடியாது என்பது உறைக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்த அடிபம்புக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் கடினப் பாறை. நைஸ், கிரானைட், சார்னகைட். அந்தப் பாறையில் இருக்கிற சில கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெதுவாகத் தண்ணீரில் கரைகிறது. மேல்மட்டத் தண்ணீர் தீர்ந்து, போர் ஆழமாகப் போகப் போக, பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிய தண்ணீர் மேலே வரும். அதில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது வழக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தாலே பல்லில் பழுப்புக் கோடு தெரியும். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போகும்.

சேர்ந்த புதிதில் சாம்பிளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து லேபில் திட்டு வாங்கினேன். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும், பிளாஸ்டிக் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். எம்.எஸ்சி.யில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. அப்புறம் ஜீப்பில் எப்போதும் ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பாட்டில் கிடக்கும். கையில் ஃபீல்டு கிட் ஒன்றும் இருக்கும். இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஃபுளோரைடு அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். சுற்றி நிற்கிற பெண்களுக்கு அது மந்திரம் மாதிரி. "மஞ்சளா வந்தா நல்லதுங்களா?" என்று கேட்பார்கள்.

ஒரு காலனியில் இருந்த ஒரே அடிபம்பு கிட்டில் மஞ்சளாக வந்தது. லேபில் லிட்டருக்கு 1.6 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1. வேறு தண்ணீர் ஆதாரம் இல்லாத பட்சத்தில் 1.5 வரைக்கும் போகலாம். 1.6 என்பதில் கருவியின் பிழையைக் கழித்தால் 1.5 ஆகவும் இருக்கலாம், கூட்டினால் 1.7 ஆகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதினேன். கூட்டத்தில் கலெக்டர் நோட்டைப் படித்துவிட்டு, "மூடணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க" என்றார். சுற்றிலும் இருபது அதிகாரிகள். எண் என்னுடையது, அது வரம்புக்கு மேலே இருக்கிறது. "மூடலாம் மேடம்" என்றேன்.

மறுநாளே பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். கைப்பிடியையும் கழற்றிவிட்டார்கள். வேறு வேலையாக அந்தப் பக்கம் மறுபடி போனது மழைக்காலம் முடிந்த பிறகுதான். காலனிப் பெண்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த திறந்த கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படி வைத்த பழைய கிணறு, பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். அந்த மழையில் பாதி வீட்டில் வயிற்றுப்போக்கு வந்திருக்கிறது, இரண்டு குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏன் சாமி, பல்லு கெட்டாப் பரவால்லன்னு விட்டிருக்கலாமில்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் பார்த்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சுகாதாரத் துறை ஒட்டியிருந்த நோட்டீஸ். கிணற்றுத் தண்ணீருக்கு அதுதான் சரி. அடிபம்புத் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுகிற அளவுக்குக் கொஞ்சம் கூடவே செய்யும். இரண்டு துறை, இரண்டு ஆலோசனை, இரண்டும் தனித்தனியாகச் சரி. அந்தக் காலனியில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆளாக நான் இருந்திருக்க வேண்டும். கூட்டத்தில் கலெக்டர் கேட்டபோது, "மூடினா அவங்க எங்க போவாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன் மேடம்" என்று சொல்லியிருக்கலாம். எண்ணைக் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். ஃபைலும் அழகாக முடிந்துவிட்டது, யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் எழுதிய ஒவ்வொரு நோட்டிலும், பக்கத்தில் வேறு என்ன தண்ணீர் இருக்கிறது, அதன் லட்சணம் என்ன என்று ஒரு வரி இருக்கும். பி.ஏ.க்கள் அதை அடிக்கப் பார்ப்பார்கள். விட்டதில்லை.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அந்தத் திட்டத்தில் என் பங்கு பூஜ்யம்.

சர்வீஸின் கடைசிக் காலம் நிலத்தடி நீர் மதிப்பீட்டில் போனது. வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத வேலை. பிர்கா பிர்காவாக (தாலுகாவுக்குள் சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு), மழையில் எவ்வளவு பூமிக்குள் இறங்குகிறது, எவ்வளவை இறைக்கிறோம் என்று கணக்குப் போடுவது. இறங்குவதில் 70 சதவீதம் வரை எடுத்தால் அந்தப் பிர்கா பாதுகாப்பானது. 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. வரைபடத்தில் அதற்குச் சிவப்பு அடிப்போம்.

பெய்கிற மழையில் எத்தனை சதவீதம் உள்ளே இறங்கும் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். உளுத்த கிரானைட், நைஸ் பாறையில் களிமண் குறைவாக இருந்தால் 11 சதவீதம், களிமண் அதிகமென்றால் 8 சதவீதம் என்று மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1997 வழிமுறை சொன்னது. வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். 11 போட்டால் சுமார் 93 மில்லிமீட்டர் இறங்குகிறது, 8 போட்டால் 68. இறைப்பது 80 என்றால் முதல் கணக்கில் 86 சதவீதம், மித அபாயம். இரண்டாவதில் 118, சிவப்பு. (ஏரி, கால்வாய், பாசனத்தில் திரும்பி இறங்குவது எல்லாம் சேர்க்க வேண்டும், இங்கே விட்டுவிட்டேன்.) தண்ணீர் அதேதான், இறைப்பதும் அதேதான். ஆனால் சிவப்புப் பிர்காவில் புதுக் கிணற்றுக்கு வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பு.

புதிதாக வந்த ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி, ஒரு பிர்கா ஷீட்டை நீட்டி, "எட்டா, பதினொன்னா சார்? மேலேர்ந்து பதினொன்னு போட்டா நல்லதுங்கறாங்க" என்றாள். பழைய ரிப்போர்ட்டில் 11 இருந்தது. அதற்கு முந்தையதிலும் 11. யாரோ ஒருத்தர் எப்போதோ போட்டதை எல்லாரும் காப்பி எடுத்திருக்கிறோம், நான் உட்பட.

"வாம்மா, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளம்பினோம். வழியில் ஒரு பெரியவர் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். கிணற்றுச் சுவர்தான் எங்களுக்குப் புத்தகம். மேலே ஒரு மீட்டர் செம்மண், அதுக்குக் கீழே ஐந்தாறு மீட்டருக்குச் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று களி, அப்புறம்தான் உளுத்த பாறை. அந்தப் பெண் ஏணியில் இறங்கி ஒரு கைப்பிடி எடுத்து உருட்டிக் காட்டினாள். உடையாமல் கயிறு மாதிரி நீண்டது. அந்தப் பிர்காவில் இன்னும் ஏழு கிணறு பார்த்தோம். ஐந்தில் அதே களி.

பெரியவர் மோர் கொடுத்தார். கிணறு கைவிட்டுவிட்டது, போர் போட பேங்கில் கேட்டிருக்கிறேன் என்றார். சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தோம்.

8 போட்டோம். மேலே கேட்டார்கள், எட்டுக் கிணற்றின் போட்டோவையும் ஷீட்டோடு வைத்து அனுப்பினேன். மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். நம்பரை அந்தப் பெண்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "சார், பேங்க்ல நம்ம பிர்கா என்னமோ கலர் மாறிடுச்சுங்கறாங்க. நீங்க வந்து பார்த்துட்டுப் போனீங்களே, என்ன கலருங்க?"

"சிவப்புங்க ஐயா" என்றேன்.