தண்டவாளத்தைத் தாண்டாத குரங்கு

போன மாதம் பழமுதிர்சோலைக்குப் போயிருந்தோம். ஒரு குரங்கு ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து சாவகாசமாக நடந்துவந்து, என் மகள் கையிலிருந்த கொய்யாப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அஸ்ஸாமில் பார்த்த தண்டவாளம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

மச்சினன் ராணுவத்தில் இருக்கிறான், ஜோர்ஹாட்டில் போஸ்டிங். அவனைப் பார்க்கப் போனபோது பக்கத்திலிருக்கும் ஹொல்லோங்காபார் சரணாலயத்துக்குக் கூட்டிப்போனான். சரணாலயம் என்றதும் முதுமலை அளவுக்கு நினைக்க வேண்டாம், மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்தான், அதைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள். அந்தக் காட்டில் ஹூலக் கிப்பன் வாழ்கிறது. இந்தியாவில் இருக்கிற வாலில்லாக் குரங்கு அது ஒன்றுதான். அங்குள்ளவர்கள் ஹோலௌ பாந்தர் என்கிறார்கள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிக் கூவுகின்றன, காடே எதிரொலிக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் கண்ணில் பட்டன. ஆண் கன்னங்கரேல் என்று இருக்கிறது, புருவம் மட்டும் வெள்ளை. பெண் வெளிர் பழுப்பு, வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஹொல்லோங் மரங்களின் உச்சியில் ஒரு கை விட்டு மறு கை மாற்றி அவை போன வேகத்துக்கு எங்கள் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. தண்டவாளத்து ஓர மரம் வந்ததும் நின்றன. கிளை நுனியில் ஒற்றைக் கையால் தொங்கியபடி அந்தப் பெண் எதிர்ப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு குட்டியோடு திரும்பிவிட்டது.

கிப்பன் தரையில் இறங்குவது மிக அபூர்வம், அதன் பாதை முழுக்க மரத்தின் மேலேதான். 1887-இல் போட்ட ரயில் பாதை காட்டை இரண்டாக வெட்டிவிட்டது, சுமார் 150 ஹெக்டேர் தனித் துண்டாக அந்தப் பக்கம் நிற்கிறது. வளர்ந்த குட்டி தாய் தகப்பனை விட்டுப் பிரிந்து வேறிடத்தில் துணை தேட வேண்டும். அந்தத் துண்டில் பிறந்தது எங்கே போகும்?

இரும்பில் ஒரு பாலம் கட்டிப் பார்த்தார்கள், கிப்பன்கள் அதைத் தொடவில்லை. நம் வால்பாறையில் ரோட்டுக்கு மேலே கட்டிய தொங்குபாலங்களில் சிங்கவால் குரங்குகள் போய்வருகின்றன, அதனால் பாலமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கிப்பனுக்குக் கிளைதான் பழக்கம். பாதையின் இருபுறமும் மரங்களை வெட்டாமல் வளரவிட்டு, உச்சிக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்வரை காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணிலும் இப்படித்தான், கிளை விட்டுக் கிளை தாவியே பிழைக்கிறது. மேலே மரங்கள் விட்டுப்போனால் அதற்கும் வழியில்லை.

மச்சினன் போன் பண்ணும்போதெல்லாம் கேட்கிறேன், அந்த இடத்தில் கிளை தொட்டுக்கொண்டதா என்று.

"இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கு மாமா."